யாருடைய பணம், எந்த வேலைக்கு?

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். குறைதீர் நாள் கூட்டம். வாசலில் மூன்று சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. பைக்குள் மருத்துவச் சான்று, ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இதற்கு முன் கொடுத்த நாலு மனுக்களின் ரசீது. அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்க ஒரு பெண் வருவார். எங்கள் வட்டாரத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பகல்நேர மையம் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளையின் ஊழியர். அந்த அறக்கட்டளைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது, சம்பளம் வாங்காமல் நான் செய்யும் வேலை.

போன வருடம் அவர்களுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் விலகிக்கொண்டது. சண்டையெல்லாம் இல்லை, ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். அறங்காவலர் கூட்டத்தில் முதலில் எழுந்த யோசனை, மனு எழுதும் பெண்ணை நிறுத்திவிடலாம் என்பது. பகல்நேர மையத்தை மூடினால் பிள்ளைகள் வீட்டில் முடங்கிப்போவார்கள், ஊரே கேட்கும். மனு நின்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

செயலாளர் அம்மா அதுவரை பேசவில்லை. அவர் மகனுக்கு மூளை முடக்குவாதம், மையத்தை ஆரம்பித்ததே அவர்தான். "பிசியோ சார் என் பையன் காலை நீட்ட வச்சாரு, இல்லைங்கல. ஆனா உதவித்தொகை, பஸ் பாஸ், ஸ்கூல்ல சீட்டு, இது மூணும் மனு போட்டுத்தானே வந்துச்சு?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எந்தக் காசு எதுக்கு ஆகும்னு நீங்க ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்க சார்" என்றார். அப்போது போட்ட கணக்கின் விரிவுதான் இது. இதே இக்கட்டில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவலாம்.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சிறப்பாசிரியர்கள், பிசியோ, ஆயாக்கள், வேன் டிரைவர், டீசல், வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். மனு வேலைக்கு, அதாவது அந்தப் பெண்ணின் சம்பளம், பஸ் செலவு, ஜெராக்ஸ், தகவல் உரிமைச் சட்டப்படி போடும் ஆர்டிஐ மனுவுக்குப் பத்து ரூபாய் என்று எல்லாம் சேர்த்து 30,000. மீதி எல்லாம் மையத்துக்கு.

பணம் தேடும்போது எல்லோரும் இரண்டு கேள்வி கேட்பார்கள்: எவ்வளவு வரும், எப்போது வரும். நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். வாங்கிய பிறகு வாயைத் திறக்கலாமா?

பிறந்தநாள் சாப்பாடு

நம் ஊரில் கொடுக்கும் மனதுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கொடுப்பதெல்லாம் இலையில்தான் விழும். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று வாரத்துக்கு நாலு போன் வரும். "ஞாயித்துக்கிழமை பிரியாணி போடறோம், பிள்ளைங்க இருப்பாங்கல்ல?" மையம் திங்கள் முதல் வெள்ளி வரைதான் என்றால் அந்தப் பக்கம் ஏமாற்றம் தெரியும். வேலை நாளில் வருகிறேன் என்று ஒத்துக்கொள்பவர்களிடம், "சாப்பாட்டுக்குப் பதிலா ஒரு ஆயாவோட ஒரு மாசச் சம்பளத்தை ஏத்துக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். அன்னதானம் புண்ணியம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிஎஃப் கட்டுவது புண்ணியம் என்று எந்தப் பாட்டியும் சொல்லவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுப்பவர் கையால் பரிமாறிவிட்டுப் போகிறார், பிள்ளைகளைப் பார்க்கிறார், அந்த உறவு எந்த கம்பெனிப் பணத்திலும் வராது. அதைக் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் செய்தது இது: 2 லட்சத்தை 22 வேலை நாட்களால் வகுத்தோம். ஒரு நாளுக்குச் சுமார் 9,000. "உங்கள் பிறந்தநாளில் மையத்தின் ஒரு நாள் உங்களுடையது" என்று ஒரு அட்டை அடித்தோம். அந்த 9,000-ல் சாப்பாடும் உண்டு, வேனும் உண்டு, ஆசிரியர் சம்பளமும் உண்டு. அரை நாள் 4,500. சாப்பாடு மட்டும் என்று கேட்பவர்களில் சிலர் அரை நாளுக்கு வந்துவிடுகிறார்கள். எல்லோரும் அல்ல.

வரிச்சலுகையைக் காட்டி இழுக்கலாம் என்பார்கள். ஒரு காலத்தில் சரிதான். அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் 80ஜி பதிவு இருந்தால், கொடுப்பவருக்கு அந்தத் தொகையில் பாதிக்கு, ஒரு வரம்புக்குள், வருமான வரியில் கழிவு கிடைக்கும். பணமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது என்பதைக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் 2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பான முறை. அதில் இந்த 80ஜி கழிவே இல்லை. 2025-26 முதல் அதே முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரியும் இல்லை. எங்கள் ஊரில் கொடுப்பவர்கள் யார்? ஆசிரியர்கள், பேங்க் ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு 80ஜி ரசீது வெறும் காகிதம் ஆகிவிட்டது. இருந்தும் கொடுக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் அறக்கட்டளை மட்டும் ஒவ்வொரு மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்கு ஏற்றியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம்.

கடைகளில் உண்டியல் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பெயர் தெரியாத நன்கொடைக்கு ஒரு வரம்பு உண்டு. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது கூடுதலோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. முழுக்க மதக் காரியத்துக்கென்றே இருக்கும் அறக்கட்டளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சாமி தப்பித்துவிட்டார். சின்ன ஊர் உண்டியலில் ஒரு லட்சம் சேரவே வருடக்கணக்காகும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது கேள்விக்கு இங்கே பதில் சுலபம். பிறந்தநாள் கொண்டாடுபவர் யாரும், நீங்கள் ஏன் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்பதில்லை.

கம்பெனிப் பணம்

2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்குச் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் சிறப்புக் கல்வியும், மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் பயிற்சியும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. ஆக, கதவு திறந்திருக்கிறது.

கதவு எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. தொழிற்சாலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்று சட்டமே சொல்கிறது. ஓரகடத்திலும் ஓசூரிலும் மையம் நடத்துபவருக்கு அது வரம். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் நடத்துபவர் யாரைத் தேடிப் போவார்? அதோடு, மூன்று வருடமாவது வேலை செய்த அனுபவம், 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி பதிவுகள், 2021 ஏப்ரல் முதல் கம்பெனிகள் பதிவாளரிடம் தனிப் பதிவு என்று வரிசையாகக் கேட்பார்கள். இவை இல்லாமல் மெயில் அனுப்பினால் பதிலே வராது. இருந்து அனுப்பினாலும் பல சமயம் வராது.

கிடைத்தால் நல்ல பணம். மொத்தமாக வரும், கணக்கு வருடம் முடியும் மார்ச் மாதத்தில் இன்னும் வேகமாக வரும். எங்களுக்கு வேன் வந்தது அப்படித்தான். ஆனால் வேன் கொடுத்தவர் டீசல் கொடுக்கவில்லை. பெயர் எழுதக்கூடிய பொருளுக்கு ஒரு ஈர்ப்பு உண்டு. சக்கர நாற்காலியின் முதுகில் லோகோ ஒட்டலாம், பேச்சுப் பயிற்சியின் முதுகில் எங்கே ஒட்டுவது? ஒருமுறை இருபது சக்கர நாற்காலி வாங்கித் தருகிறோம் என்றார்கள். எங்களுக்கு வேண்டியது ஏழு, அதுவும் குழந்தைகளின் அளவுக்கு ஏற்றவை. இருபதும் பெரியவர்கள் அளவில் வந்தன. போட்டோ எடுத்தார்கள். பதின்மூன்றை மற்ற ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு வாரம் அலைந்தோம். ஏழு நாற்காலிகளில் பிள்ளைகள் இன்றும் தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாய்? பூட்டுப் போடமாட்டார்கள். ஆனால் மனு எழுதும் பெண்ணின் சம்பளத்தைத் திட்டத்தில் எழுதினால், அந்த வரியை மட்டும் நாசூக்காக அடித்துவிட்டு அனுப்புவார்கள். அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கிறார்களா என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை.

அரசு மானியம்

இங்கேதான் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் சின்ன ஊரில் பெரிய தொகை வர வாய்ப்புள்ள ஒரே இடம் இது.

மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட செலவில் 90 சதவீதம் வரை மானியம் உண்டு, மீதியை அமைப்பு போட்டுக்கொள்ள வேண்டும். 'அனுமதிக்கப்பட்ட' என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். ஆசிரியருக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளம் வேறு, அவர்கள் அனுமதிக்கும் மதிப்பூதியம் வேறு. இடைவெளி உங்கள் தலையில். விண்ணப்பம் இணையத்தில் போகும், மாவட்டத்தில் ஆய்வு நடக்கும், மாநிலம் பரிந்துரைக்கும், அப்புறம் டெல்லி. மாநில அரசும் சிறப்புப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களுக்கும் தன் பங்குக்கு உதவுகிறது. எதற்கு மனுப் போட்டாலும் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும். அது இல்லாமல் மையம் நடத்துவதே தப்பு, மானியம் இருக்கட்டும்.

கஷ்டம் காலதாமதம். ஒரு மானியம் எங்களுக்கு வந்து சேர்ந்தது, அந்தச் செலவைச் செய்து ஒரு வருடம் கழித்து. இடையில் செயலாளர் அம்மாவின் நகை அடகுக் கடையில் இருந்தது. பணம் வந்ததும் மீட்டார், வட்டியை யாரும் தரவில்லை. மானியத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் 'அடகு வட்டி' என்று ஒரு வரி எழுத முடியுமா? அதனால் என் கணக்கில் ஒரு விதி: ஆறு மாதச் சம்பளம் கையிருப்பில் இல்லாத அமைப்பு அரசு மானியத்தை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாவது கஷ்டம் நுட்பமானது. உங்கள் மையத்தை ஆய்வு செய்து பரிந்துரைக்கும் அதே அலுவலகத்தின் மேல்தான் திங்கட்கிழமை மனு போகிறது. யாரும் நேரடியாக மிரட்டுவதில்லை. "நம்ம ஆளுங்களே இப்படி எழுதினா எப்படி?" என்று டீ கொடுத்துக்கொண்டே கேட்பார்கள். அது போதும், அடுத்த மனு எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கும். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "எழுதிக் கொடுங்க, மேலே சொல்ல எனக்கும் ஒரு காகிதம் வேணும்" என்று தானே கேட்ட அதிகாரியையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதிகாரிகள் மாறுவார்கள். நல்லவர் வரும்வரை காத்திருப்பதை ஒரு திட்டமாக எழுதிக் கொடுக்க முடியாது.

இதில் இப்போது ஒரு புது விஷயம். உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற சேவை மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். உங்கள் தாலுகாவில் அது திறந்தால், அதே பிசியோவை நீங்களும் ஏன் நடத்த வேண்டும் என்று அறங்காவலர் கூட்டத்தில் கேட்டே ஆக வேண்டும். அங்கே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும், சேர்த்த பிறகு சரியாக நடக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். அது நம் மனு எழுதும் பெண் செய்யும் வேலை.

வெளிநாட்டுப் பணம்

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981-ல் ராமகிருஷ்ணன் தொடங்கியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் அவர் ஆரம்பித்த அமைப்பு, இன்று வெளிநாட்டு ஆதரவாளர்களும் உள்ள பெரிய நிறுவனம். அதைக் காட்டி, "நம்ம பசங்க அமெரிக்கால இருக்காங்களே, அவங்ககிட்ட வாங்கலாமே" என்பார்கள்.

வாங்கலாம், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருந்தால். அதற்கு அமைப்பு மூன்று வருடமாவது இயங்கி, அந்த மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு முதல் ரூபாய் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் குறிப்பிட்ட கிளையில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கொடுப்பதும் நின்றது. சின்ன அமைப்புகளுக்கு விழுந்த பெரிய அடி இந்தக் கடைசிதான். முன்பு பெரிய நிறுவனம் வாங்கி ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கும், அந்த வாய்க்கால் அடைபட்டது. 2022 ஜனவரி 1 அன்று நாட்டில் சுமார் 6,000 அமைப்புகளின் பதிவு ஒரே நாளில் காலாவதியானது. அதில் பெரும்பாலானவை புதுப்பிக்கவே விண்ணப்பிக்காதவை.

வாயைப் பற்றி ஒரு முக்கியமான தகவல். பந்த், சாலை மறியல், ரயில் மறியல் என்று இறங்கும் அமைப்புகளை அரசியல் தன்மை கொண்டவை என்று சொல்லி வெளிநாட்டு நிதியை மறுக்க விதிகளில் இடம் இருந்தது. உதவித்தொகை கேட்டு மறியல் செய்யாத மாற்றுத்திறனாளிகள் சங்கம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை மட்டுப்படுத்தியது. கட்சி அரசியலில் இல்லாமல் மக்கள் உரிமைக்காக இப்படிப் போராடுவதை மட்டும் வைத்து நிதியை மறுக்க முடியாது என்றது. சட்டப்படி தைரியமாக இருக்கலாம். நடைமுறையில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது அந்தத் தைரியம் எவ்வளவு மிஞ்சும் என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது.

எங்கள் அளவுக்கு இது வேண்டாம் என்று எழுதினேன். அமெரிக்காவில் இருக்கும் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால், அவன் தன் சம்பாத்தியத்திலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நிதிக் கணக்கில் வராது. கிரீன் கார்டு இருந்தாலும் அப்படித்தான். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டான் என்றால்தான் சிக்கல். கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

மற்றவை, சீக்கிரமாக

இணையத்தில் கூட்டு நிதி திரட்டுவது ஒரு ஆபரேஷனுக்கு ஆகும், ஆயா சம்பளத்துக்கு ஆகாது. அதற்குப் பிள்ளையின் முகம் வேண்டும், அதுவும் அழுத முகம். செயலாளர் அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். தொண்டு அமைப்புகள் நிதி திரட்டச் சமூகப் பங்குச் சந்தை என்று ஒன்று வந்திருக்கிறது, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-ல் வழிமுறை கொடுத்தது. பதிவுக்கே வருடம் 50 லட்சம் செலவு காட்ட வேண்டும். நமக்கு 24 லட்சம். தாண்டிப் போவோம். சொந்தமாகப் பொருள் செய்து விற்பது, அதாவது பினாயில், காகித உறை, 2019 பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு துணிப்பை, இவை இளைஞர்கள் கையில் மாதம் கொஞ்சம் காசு சேர்க்கும். அதை அவர்கள் வருமானமாகப் பாருங்கள். அமைப்பை நடத்தும் லாபமாகப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளைக் கூலிக்கு விரட்ட ஆரம்பிப்போம்.

சரி, எதை எதற்கு?

மையத்துக்கு அரசு மானியமும் கம்பெனிப் பணமும் 'ஒரு நாள்' அட்டையும். இந்த மூன்றும் பிள்ளைகளுக்கு நேராகப் போகும் செலவு, கொடுப்பவருக்கும் காட்டலாம். எதுவும் பாதிக்கு மேல் போகக் கூடாது, ஒன்று நின்றால் மற்ற இரண்டும் தாங்க வேண்டும்.

மனு வேலைக்கு இந்த மூன்றிலிருந்தும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். அறங்காவலர்களில் இருவர் இதை ஏற்கவில்லை, "கிடைக்கிற காசில் எதுக்குப் பிரிவினை" என்றார்கள். அவர்களிடம் ஒரு கணக்கு காட்டினேன். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியம் 1,000-லிருந்து 1,500 ஆனது. பல ஆண்டுகள் சங்கங்கள் கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் உட்கார்ந்த கோரிக்கை அது. பக்கத்து ஆந்திரத்தில் 2024-ல் 6,000 ஆக்கினார்கள், அதைக் காட்டித்தான் இங்கே மறுபடி கேட்கிறார்கள். நம் தாலுகாவில் ஆயிரம் பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஏறிய அந்த 500 ரூபாய் மட்டும் வருடத்துக்கு 60 லட்சம். நம் மொத்த பட்ஜெட் 24 லட்சம். எந்த கம்பெனி வந்து இந்த 60 லட்சத்தைக் கொடுக்கும்? சென்னையில் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தள பஸ் ஓடுவதும், ஆர்வலர்கள் உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் விடாமல் வழக்கு நடத்தியதால்தான். இனிமேல் வேலை கூடத்தான் செய்யும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-ல் சட்டம் திருத்தினார்கள். அப்படிப் பஞ்சாயத்தில் உட்காரப்போகிறவருக்குத் தீர்மானம் எழுதச் சொல்லிக் கொடுப்பது யார்?

அந்த வேலையின் 30,000 ரூபாய், யார் முன்னாலும் தயங்க வேண்டியில்லாத இடத்திலிருந்து வர வேண்டும். மாதம் 200 ரூபாய் சந்தா, 150 பேர். பெற்றோர், வேலைக்குப் போகிற பெரிய பிள்ளைகள், பழைய ஆசிரியர்கள், மனுவால் ஏதோ ஒன்று கிடைத்தவர்கள். ஒரு ஆளுக்கு வருடம் 2,400. மொத்தமாகக் கேட்டால் யோசிப்பார்கள், மாதாமாதம் யூபிஐயில் தானாகப் போனால் வலிக்காது. இதில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினாலும் போவது 200 ரூபாய்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். போன் இல்லாதவர்களிடம் வீட்டுக்குப் போய் வாங்கி, நோட்டில் எழுதி, ரசீது கிழித்துக் கொடுக்கிறார். போன மாதக் கணக்கை எழுதும்போது எண்ணினேன், 63 பேர். 12,600 ரூபாய். மீதி 17,400-ஐ இப்போதைக்கு 'ஒரு நாள்' அட்டைப் பணத்திலிருந்துதான் போடுகிறோம், கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டு. நான் எழுதிய விதியை நானே மீறியிருக்கிறேன். அந்தப் பெண் இந்தத் திங்கட்கிழமையும் போயிருந்தார், பதினோரு மனு.